சால்வென்ட் யார்டில் வெடிப்பு அபாயப் பகுதிக் கருவிகளைப் பரிசோதிப்பது: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

புதிதாகச் சேர்ந்த எஞ்சினியரிடம் "யார்டில் இருக்கிற எஃப்எல்பி ஐட்டம் எல்லாம் சரியாக இருக்கிறதா, பார்த்துவிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். நேராக மோட்டாரிடம் போவார். நேம் பிளேட்டைத் துடைத்துப் படிப்பார். எஃப்எல்பி (ஃப்ளேம்ப்ரூஃப், உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத வகை) என்று இருக்கும், பட்டியலில் டிக் விழும். இப்படி ஒரே காலையில் நாற்பது கருவிகளை முடித்துவிடலாம். ஆனால் அந்த மோட்டார் அந்த இடத்துக்குப் பொருந்துமா, பெட்டியின் மூடி ஒழுங்காக மூடியிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அந்த டிக்கில் பதில் இருக்காது.

நேம் பிளேட் படிப்பது இந்த வேலையில் நான்காவது படி. சான்றிதழ், தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது கருவி இருந்த நிலையைச் சொல்கிறது. நாம் பார்க்க வேண்டியது இங்கே, இந்தத் திரவத்துக்குப் பக்கத்தில், பல மழைக்காலங்களும் பல கான்ட்ராக்டர்களும் கடந்துபோன பிறகு அது இருக்கும் நிலையை.

உதாரணத்துக்கு ஒரு நடுத்தர ரசாயன ஆலையின் சால்வென்ட் யார்டை, அதாவது எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களைச் சேமிக்கும் இடத்தை, எடுத்துக்கொள்வோம். டொலுயீன், ஹெக்சேன், எத்தனால் என்று மூன்று டேங்க்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் பம்ப், லெவல் டிரான்ஸ்மிட்டர், விளக்குகள், ஜங்ஷன் பாக்ஸ்கள், ஒரு டேங்கர் லாரி இறக்குமிடம். ராணிப்பேட்டையோ கடலூரோ, எந்த சிப்காட்டிலும் பார்க்கக்கூடிய அமைப்புதான்.

1. யார்டுக்குள் போகுமுன் மேசையில் இருக்க வேண்டியவை

ஏரியா கிளாசிஃபிகேஷன் வரைபடம், அதாவது எந்த இடம் எவ்வளவு ஆபத்தான ஜோன் என்று காட்டும் படம். அதில் மேலிருந்து பார்க்கும் பிளான், பக்கவாட்டுத் தோற்றம் இரண்டுமே வேண்டும். பிளான் மட்டும் வைத்திருந்தால் டேங்கின் வென்ட் அருகே எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கு எந்த ஜோனில் வருகிறது என்று தெரியாது.

கூடவே, டேக் நம்பரோடு கருவிப் பட்டியல், ஒவ்வொன்றின் சான்றிதழ், லெவல் லூப்புகளின் (டேங்க் மட்டத்தை அளந்து கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் சுற்றுகள்) கணக்குத் தாள், மோட்டார் ரிலே செட்டிங், போன முறை எழுதிய அறிக்கை. ரீவைண்டிங் போய்வந்த மோட்டார்கள் எவை என்ற விவரத்தை மெயின்டனன்ஸில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் அது வராது.

கருவிகளாக ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்க் ரெஞ்ச், சிறு கண்ணாடி, அபாயப் பகுதிக்கென்றே சான்று பெற்ற டார்ச், கேஸ் டிடெக்டர் போதும். சாதாரண மொபைலில் படமெடுக்கும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். படம் தேவையென்றால் அதற்கும் பர்மிட்டில் இடம் வேண்டும். கேபிளின் காப்பைச் சோதிக்கும் மெகர் டெஸ்ட்டும் அப்படியே. அது கேபிளில் ஏற்றும் மின்னழுத்தமே தீப்பொறிக்குக் காரணமாகலாம் என்பதால், வாயு இல்லை என்று அளந்து உறுதி செய்யாமல் செய்யக் கூடாது.

2. முதலில் திரவம்

யார்டில் இருக்கும் ஒவ்வொரு திரவத்துக்கும் இரண்டு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: வாயுக் குழு, வெப்பநிலை வகுப்பு.

வாயுக் குழு என்பது அந்த ஆவியின் தீ எவ்வளவு குறுகிய இடுக்கு வழியாகத் தாண்டும், எவ்வளவு சிறிய பொறியில் பற்றும் என்பதைப் பொறுத்தது. புரோப்பேன் வகை டூஏ (IIA), எத்திலீன் வகை டூபி (IIB), ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் டூசி (IIC). டூசிதான் மிகக் கடுமையானது.

வெப்பநிலை வகுப்பு, கருவியின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்ற வரம்பு. டி1 என்றால் 450 டிகிரி, டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85 டிகிரி செல்சியஸ். இதை ஒப்பிட வேண்டியது திரவம் தானே தீப்பற்றும் வெப்பநிலையோடு. ஃப்ளாஷ் பாயின்ட்டோடு ஒப்பிடுவது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஹெக்சேனின் ஃப்ளாஷ் பாயின்ட் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. அது தானே தீப்பற்றுவது 230 டிகிரியை ஒட்டி. முதல் எண் எப்போது ஆவி சேரும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எந்தச் சூடு அதைப் பற்றவைக்கும் என்பதை.

நம் மூன்று திரவங்கள்: டொலுயீன் டூஏ, டி1. ஹெக்சேன் டூஏ, டி3. எத்தனால் டூபி, டி2. மூன்றின் ஆவியும் கலக்கும் பொது இடத்தில் ஒரே ஒரு "மோசமான திரவத்தை" தேடாதீர்கள். குழுவில் கடுமையானது எத்தனால், சூட்டில் கடுமையானது ஹெக்சேன். ஆகவே யார்டுக்குக் குறைந்தபட்சத் தேவை டூபி, டி3.

புரொடக்‌ஷன் ஆட்களிடம் புதிதாக ஏதாவது சால்வென்ட் வரப்போகிறதா என்று கேட்டுவிடுங்கள். டைஎத்தில் ஈதர் ஒரு டிரம் வந்தாலே அது இருக்கும் இடத்தின் தேவை டி4க்கு மாறிவிடும், நேற்றுவரை சரியாக இருந்த டி3 மோட்டார் இன்று தகுதியில்லாததாகிவிடும்.

3. வரைபடத்தை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள்

வெடிக்கக்கூடிய ஆவி எப்போதுமோ நெடுநேரமோ இருக்கும் இடம் ஜோன் 0, அதாவது டேங்கின் உள்ளே. வழக்கமான ஓட்டத்திலேயே அவ்வப்போது வரக்கூடிய இடம் ஜோன் 1. வழக்கமாக வராது, வந்தாலும் சிறிது நேரமே இருக்கும் என்றால் ஜோன் 2. நம் நாட்டில் இதை ஐஎஸ் 5572, ஓஐஎஸ்டி 113, ஐஇசி 60079-10-1 ஆகிய தரநிலைகளை வைத்துப் பிரிக்கிறார்கள்.

வரைபடம் போட்ட காலத்தில் யார்டு திறந்தவெளியாக இருந்திருக்கும். அப்புறம் வெயிலுக்காக ஒரு ஷெட், பக்கத்து பிளாட் பிரச்சினையில் ஒரு மதில், லாரி திரும்ப மேடை என்று ஒவ்வொன்றாக வந்திருக்கும். ஒவ்வொன்றும் காற்றோட்டத்தை மாற்றும். இந்த மூன்று ஆவிகளுமே காற்றைவிடக் கனமானவை, டொலுயீன் ஆவி மூன்று மடங்கு. அவை பள்ளத்தைத் தேடிப் போகும். பம்ப் குழி, மழைநீர்க் கால்வாய், மணல் நிரப்பாத கேபிள் டிரெஞ்ச் எல்லாம் ஆவி தேங்கும் இடங்கள். டிரெஞ்ச் வழியாக ஆவி சுவிட்ச் ரூம்வரை போகலாம் என்பதால், கேபிள் சுவருக்குள் நுழையும் துளை அடைக்கப்பட்டிருக்கிறதா என்று இந்த நடையிலேயே பார்த்துவிடுங்கள்.

வரைபடமும் இடமும் ஒத்துப்போகவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஜோன் தவறாக இருக்கும்போது மேற்கொண்டு செய்யும் பரிசோதனை எதற்கும் மதிப்பில்லை.

4. இப்போது நேம் பிளேட்

தகட்டில் "எக்ஸ் டிபி டூபி டி4 ஜிபி" (Ex db IIB T4 Gb) என்பது போல ஒரு வரி இருக்கும். பாதுகாப்பு முறை, வாயுக் குழு, வெப்பநிலை வகுப்பு, பாதுகாப்பு நிலை என்ற வரிசையில் படியுங்கள். ஜிஏ ஜோன் 0க்கும், ஜிபி ஜோன் 1க்கும், ஜிசி ஜோன் 2க்கும் பொருந்தும். மேலான நிலையைக் கீழான ஜோனில் வைக்கலாம், மாற்றி வைக்கக் கூடாது. டேங்கின் உள்ளே தவிர, நம் யார்டுக்கு டூபி, டி4, ஜிபி தாராளமாகப் போதும். வெறும் "எஃப்எல்பி" என்று மட்டும் இருந்தால் அது எதையுமே சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் தாண்டிப் போவது சுற்றுப்புற வெப்பநிலை. தனியாக எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அந்தக் கருவி மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைக்கு மட்டுமே சான்று பெற்றது. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும். தகரக் கூரைக்கு அடியில் தொங்கும் விளக்கின் நிலையைச் சொல்லவே வேண்டாம். சுற்றுப்புறம் வரம்பைத் தாண்டினால் தகட்டில் இருக்கும் டி4 என்ற வாக்குறுதி செல்லாது. அதனால் புதிதாக வாங்கும்போதே 50 அல்லது 55 டிகிரி குறித்ததைக் கேட்பது நல்லது.

5. சான்றிதழோடு ஒப்பிடுதல்

மாடல் எண், சான்றிதழ் எண் இரண்டும் தகட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதே கம்பெனியின் வேறு மாடலுக்கான சான்றிதழைக் கோப்பில் வைத்திருப்பது சர்வசாதாரணம்.

பெட்ரோலியம் விதிகள் 2002 பொருந்தும் இடத்தில் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதலும் வேண்டும். ஏடெக்ஸ் என்ற ஐரோப்பியச் சான்றோ ஐஇசிஎக்ஸ் என்ற சர்வதேசச் சான்றோ இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது.

சான்றிதழ் எண்ணின் கடைசியில் "எக்ஸ்" (X) என்ற எழுத்து ஒட்டியிருந்தால், அந்தக் கருவியைச் சில நிபந்தனைகளோடு மட்டுமே பயன்படுத்தலாம். நிபந்தனை உள்பக்கங்களில் இருக்கும்: ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும், அடிபடாத இடத்தில் பொருத்த வேண்டும், இந்த வகை போல்ட்தான் போட வேண்டும் என்பது மாதிரி. முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கும் ஆலைகளில் இந்த நிபந்தனை என்னவென்று யாருக்குமே தெரியாது. கடைசியில் "யூ" (U) இருந்தால் அது ஒரு உதிரிப்பாகம் மட்டுமே. அதைத் தனிக் கருவியாக நிறுவ முடியாது.

6. ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டிகள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். எக்ஸ்-டி (Ex d, அதாவது ஃப்ளேம்ப்ரூஃப்) பெட்டி ஆவியை உள்ளே விடாமல் தடுப்பதில்லை. ஆவி உள்ளே போகும், உள்ளே வெடிக்கவும் செய்யலாம் என்று கருதித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வெடித்த தீ, மூடிக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடுக்கு வழியாக வெளியே வரும்போது குளிர்ந்து அணைந்துவிட வேண்டும். முழுப் பாதுகாப்பும் அந்த இடுக்கில்தான் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே புரியும். பெட்டியைத் திறக்காமல் முதலில் போல்ட்டுகளை எண்ணுங்கள். எட்டில் ஏழு இருந்தாலும் பெட்டி தோற்றுவிட்டது. வெடிப்பின் அழுத்தத்தில் அந்த மூலை தூக்கிக்கொள்ளும், இடுக்கு அகலமாகும். போல்ட்டின் தலையில் இருக்கும் வலிமை எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாக, சான்றிதழ் கேட்பதாக இருக்க வேண்டும். கடையில் கிடைத்ததைப் போட்டிருந்தால் பார்த்தாலே தெரியும், ஒன்று மட்டும் பளபளக்கும்.

அப்புறம் பெயின்ட். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் யார்டு முழுக்கப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். மோட்டார், பெட்டி, நேம் பிளேட் எல்லாவற்றின் மேலும் ஒரே பிரஷ் போகும். தகடு படிக்க முடியாமல் போவது ஒரு பிரச்சினை. பெட்டி திறந்திருக்கும்போது ஃபிளாஞ்ச் முகத்தில் பெயின்ட் படிந்தால் அது பெரிய பிரச்சினை, மூடி சரியாக உட்காராது. பெயின்டரோடு எலக்ட்ரீஷியன் ஒருவரை நிற்கவைப்பது நான் பார்த்தவரை நல்ல ஏற்பாடு. பூஜைக் கற்பூரத்தை யார்டு வேலிக்கு வெளியே ஏற்றச் சொல்வதும் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

மழை இன்னொரு எதிரி. ஐப்பசி மழையில் பெட்டிக்குள் தண்ணீர் போனதும் யாராவது மூடியைச் சுற்றி சிலிகான் சீலன்ட் பூசிவிடுவார்கள், அல்லது ரப்பர் ஷீட் வெட்டி காஸ்கெட் போடுவார்கள். இரண்டுமே இடுக்கின் அளவை மாற்றிவிடும். சான்றில் இல்லாத எதுவும் அந்த முகத்தில் இருக்கக் கூடாது. துருப்பிடிக்காமல் இருக்க, இறுகாத வகை கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். சிலிகான் கிரீஸை கேஸ் டிடெக்டர் அருகே தவிர்த்துவிடுங்கள், கேட்டலிட்டிக் சென்சாரை அது கெடுத்துவிடும்.

ஃபிளாஞ்சுக்கு எதிரே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சுவரோ பைப்போ ஸ்டீல் ஆங்கிளோ மிக நெருங்கி இருந்தால் வெளியே வரும் சூடான வாயு தடைபட்டு ஆபத்தாகும். டூஏவுக்கு 10 மி.மீ., டூபிக்கு 30, டூசிக்கு 40 மி.மீ. குறைந்தபட்ச இடைவெளி.

கேபிள் நுழையும் இடம் அடுத்தது. பயன்படாத துளையில் சரக்கோடு வந்த பிளாஸ்டிக் மூடியே இன்னும் இருக்கும். அது தூசிக்கானது. அதே பாதுகாப்பு முறைக்குச் சான்று பெற்ற உலோக பிளக் இருக்க வேண்டும். கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டின் மரை குறைந்தது ஐந்து சுற்றாவது முழுதாகப் பிடித்திருக்க வேண்டும். கையால் திருகிப் பாருங்கள், திரும்பினால் அது கிளாண்டே இல்லை. கேபிளின் விட்டத்துக்குப் பொருந்தாத பெரிய கிளாண்டில் டேப் சுற்றி ஒப்பேற்றியிருப்பதும் அடிக்கடி கண்ணில் படும்.

இவ்வளவும் வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவை. திறந்து பார்க்க வேண்டியதை மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டு போட்டு, தகட்டில் காத்திருப்பு நேரம் எழுதியிருந்தால் அதுவரை பொறுத்து, ஷட்டவுனில் செய்யுங்கள். திறந்ததும் முகத்தில் கீறல், துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய பின் ஃபீலர் கேஜால் அளந்து சான்றிதழ் வரைபடத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

7. மோட்டாரும் அதன் ரிலேயும்

எக்ஸ்-ஈ மோட்டாரை (Ex e, வழக்கமான ஓட்டத்தில் பொறியோ அதிகச் சூடோ வராதபடி கட்டப்பட்டது) யார்டில் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலைதான். மீதி, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எம்சிசி பேனலில், மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் ரிலேயில் இருக்கிறது. ரோட்டார் சிக்கிக்கொண்டால் எத்தனை விநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தகட்டில் டிஇ (tE) நேரமாகக் குறித்திருக்கும். உதாரணமாக 8 விநாடி, தொடக்க மின்னோட்டம் 6 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ரிலேயின் வளைகோட்டில் 6 மடங்குக்கு நேரே 8 விநாடிக்குக் குறைவாக இருக்க வேண்டும். "கிளாஸ் 10 ரிலே போட்டிருக்கிறோம்" என்பது பதிலாகாது, அந்த வகுப்பு ரிலே 10 விநாடிவரைகூட எடுத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் மிச்சம் பிடிக்க விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டியிருந்தால், அந்த மோட்டார் விஎஃப்டியோடு ஓடுவதற்குச் சான்று பெற்றதா என்று பாருங்கள். குறைந்த வேகத்தில் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறும், வெப்பநிலை வகுப்பு கைமீறும். ரீவைண்டிங் போய்வந்த மோட்டாரென்றால் ஐஇசி 60079-19 முறைப்படி செய்த அறிக்கை வேண்டும். தெருமுனை ரீவைண்டிங் கடையின் பில் அதற்கு ஈடாகாது.

8. லெவல் லூப்: கணக்குப் போட்டே ஆக வேண்டும்

எக்ஸ்-ஐ (Ex i) என்பது சுற்றில் ஓடும் மின்சாரத்தையே ஆவி பற்றாத அளவுக்குக் குறைத்துவைக்கும் முறை. இதில் டிரான்ஸ்மிட்டர் மட்டும் பாதுகாப்பானது என்று எதுவும் கிடையாது. டிரான்ஸ்மிட்டர், கேபிள், கன்ட்ரோல் ரூமில் அந்த மின்சாரத்துக்கு வரம்பு போடும் பேரியர் மூன்றும் சேர்ந்ததே ஒரு கருவி.

ஒரு பேரியர் அதிகபட்சம் 28 வோல்ட், 93 மில்லி ஆம்பியர், 0.65 வாட் வெளியே விடலாம் என்று இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் தாங்கும் எண்கள் இந்த மூன்றுக்குமே சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். அடுத்து கெபாசிட்டன்ஸ். 28 வோல்ட்டுக்கு டூசியில் 83 நானோ ஃபாரட், டூபியில் 650 நானோ ஃபாரட்வரை அனுமதி. கேபிளின் விவரம் கையில் இல்லையென்றால் மீட்டருக்கு 200 பிகோ ஃபாரட் என்று எடுத்துக்கொள்ளலாம். 500 மீட்டர் கேபிளுக்கு 100 நானோ ஃபாரட், டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு 10. மொத்தம் 110. டூசியாக இருந்திருந்தால் தோற்றிருக்கும், நம் யார்டு டூபி என்பதால் தேறிவிட்டது. இரண்டாவது படியில் வாயுக் குழுவைக் குறித்துவைக்காதவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

இண்டக்டன்ஸுக்கும் இதே கணக்கு, மீட்டருக்கு 1 மைக்ரோ ஹென்றி. டிரான்ஸ்மிட்டரின் கெபாசிட்டன்ஸ், இண்டக்டன்ஸ் இரண்டுமே பேரியரின் அனுமதியில் 1 சதவீதத்தைத் தாண்டினால் அனுமதியைப் பாதியாக்கிக்கொண்டு கணக்கிடுங்கள்.

டேங்கின் உள்ளே ஜோன் 0 என்பதால் டிரான்ஸ்மிட்டர், பேரியர் இரண்டுமே எக்ஸ்-ஐ முறையின் உச்சமான ஐஏ (ia) நிலையில் இருக்க வேண்டும். பேனலில் இந்த லூப்பின் டெர்மினலுக்கும் சாதாரண டெர்மினலுக்கும் 50 மி.மீ. இடைவெளி தேவை. ஸீனர் பேரியர் என்றால் எர்த் இணைப்பு 1 ஓம்முக்குள் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் பேரியர் வெறும் அலங்காரம்.

9. மின்சாரமே இல்லாத தீப்பொறிகள்

எலக்ட்ரிக்கல் ஆட்கள் மோட்டாரைப் பார்த்துவிட்டு, அது இழுக்கும் பம்பைப் பார்க்காமல் திரும்பிவிடுவார்கள். மெக்கானிக்கல் கருவிகளுக்கும் ஐஎஸ்ஓ 80079-36 என்ற தரநிலை உண்டு. பம்ப் வெறுமனே ஓடினால் மெக்கானிக்கல் சீல் காய்ந்து சூடேறும். ஆகவே டேங்க் மட்டம் குறைந்தால் பம்ப் நிற்கும் டிரிப் இருக்கிறதா, அதை பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கப்ளிங் கார்டு உரசிய தடம், பேரிங் சத்தம், துருப்பிடித்த இரும்பு மேல் அடித்த அலுமினியப் பெயின்ட் மூன்றும் குறித்துக்கொள்ள வேண்டியவை. கடைசியில் சொன்னது ஓங்கி அடிபட்டால் கடும் சூட்டோடு பொறி விடும்.

நிலைமின்சாரம் டேங்கர் இறக்குமிடத்தில் பார்க்க வேண்டியது. டொலுயீனும் ஹெக்சேனும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதவை, பைப்பில் ஓடும்போதே மின்னேற்றம் சேரும். எர்த் கிளாம்ப் ஹோஸுக்கு முன்னால் மாட்டப்படுகிறதா, கடைசியில் கழற்றப்படுகிறதா என்று ஒரு லாரி இறக்குவதை நின்று பாருங்கள். கிளாம்ப் பெயின்ட்டின் மேல் கடித்திருந்தால் பயனில்லை, உலோக இணைப்புகளில் மின்தடை 10 ஓம்முக்குள் வர வேண்டும். டேங்கில் இன்லெட் பைப்பின் வாய் திரவத்துக்குள் மூழ்கும்வரை வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது.

10. கண்டதை எழுதுவது

டேக் நம்பர், இடம், என்ன குறை, எந்த அளவிலான பரிசோதனையில் தெரிந்தது: ஒவ்வொரு குறைக்கும் இவ்வளவு போதும். பரிசோதனை மூன்று அளவு: கண்ணால் பார்ப்பது, ஏணியும் கருவியும் வைத்து நெருங்கிப் பார்ப்பது, திறந்து பார்ப்பது. புதிதாக நிறுவியதற்கு முதல் முறை திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். ஜோன் 1ல் திறந்த துளையோ போல்ட் இல்லாத மூடியோ இருந்தால் அன்றே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் "பேட்ச் முடியட்டும் சார்" என்பார், அதற்கு இடம் கொடுக்காமல் பர்மிட் கொடுப்பவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். லேசான துரு, மங்கிய தகடு அடுத்த ஷட்டவுனுக்கு. காகிதக் குறைகளுக்குத் தனியாக ஒரு தேதி.

அடுத்த பரிசோதனைக்கான இடைவெளி, நிபுணர் ஆலோசனை இல்லாமல் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு 12 மாதம், அடிக்கடி திறக்கும் பெட்டிகளுக்கு ஆறு மாதம். குறையைச் சரிசெய்துவிட்டோம் என்று தாள் வந்ததும் பதிவேட்டில் முடித்துவிடாமல், அந்தக் கருவியை மட்டும் மறுபடி போய்ப் பாருங்கள். காணாமல் போன போல்ட்டுக்குப் பதில் வந்திருப்பது அதே வலிமை எண் கொண்டதுதானா என்று தலையில் படித்த பிறகு கையெழுத்து.